சைக்கிளுக்கு மிட் டிரைவ் மோட்டார்: பூட்டுவதும் பழுது பார்ப்பதும்

பெடல் அச்சில் பூட்டும் மிட் டிரைவ் மோட்டாரை ஆசையாக வாங்கிவிட்டு, பெட்டியைப் பிரிக்கப் பயந்து பரண்மேல் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அவ்வளவு பயம் தேவையில்லை. பஞ்சர் ஒட்டத் தெரிந்து, அலன் கீ பிடிக்கவும் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடக்கூடிய வேலைதான் இது. மின்சாரத்தைவிட இதில் இரும்பு வேலைதான் அதிகம். மரை பார்த்துக் கழற்ற வேண்டும், மரை பார்த்துப் பூட்ட வேண்டும், போதுமான அளவு இறுக்க வேண்டும். பிறகு வருகிற கோளாறுகளும் பெரும்பாலும் இதே இனம்தான். மோட்டார் எரிந்துவிட்டது என்று பதறிப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் ஒரு நட்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஒரு காந்தம் இடம் நகர்ந்திருக்கும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது பாஃபாங் பி.பி.எஸ். 01 என்ற மோட்டார். 36 வோல்ட், 250 வாட். சீனாவின் சூசோ நகரத்து நிறுவனம். இதன் அண்ணன் பி.பி.எஸ். 02 (48 வோல்ட், 750 வாட் வரை) பூட்டும் முறையில் இதேதான். அதையும் தாண்டி பி.பி.எஸ். எச்.டி. என்று 1000 வாட்டில் ஒன்று இருக்கிறது. உடம்பு பெருத்தது, வேலை அதேதான்.

ஏன் 250 வாட்? நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், மோட்டாரின் உதவி மணிக்கு 25 கி.மீ.க்குள் நின்றுவிடுவதாகவும் இருந்தால்தான் சைக்கிள் சைக்கிளாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம். பதிவு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாம் வந்து சேரும். வாங்கும்போதே உங்கள் மோட்டாரின் திறன் என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஹேண்டிலில் மாட்டும் காட்சிப் பெட்டியில் (டிஸ்ப்ளே) வேக வரம்பையும் 25-இல் வையுங்கள்.

சக்கர மோட்டார் போதாதா?

சமவெளியில் தாராளமாகப் போதும். விலையும் குறைவு, பூட்டுவதும் சுலபம். மேட்டில்தான் வித்தியாசம் தெரியும். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு, மாற்றிக்கொள்ளும் கியர் கிடையாது. மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். அப்போது அது குடிக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகப் போகும். மிட் டிரைவ் பெடல் அச்சில் உட்கார்ந்து, நாம் மிதிக்கும் அதே செயினை இழுக்கிறது. கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் சேர்த்துக் குறைகிறது. வண்டி 8 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் மோட்டார் தன் இயல்பான வேகத்திலேயே சுற்றும்.

இதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். செயினும் பின்சக்கரப் பல்லும் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தேயும். அது தெரிந்தே இறங்குங்கள்.

சட்டகத்தை அளந்து பாருங்கள்

மோட்டாருக்குப் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெடல் அச்சு ஓடுகிற குறுக்குக் குழாய் இருக்கிறதே, சைக்கிள் கடையில் பி.பி. என்பார்கள், அதன் அகலத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். 68 மி.மீ. அல்லது 73 மி.மீ. வந்தால் சரி. அகன்ற டயர் போட்ட ஃபேட் பைக்குகளில் 100 மி.மீ. வரும், அதற்குத் தனியாக நீள அச்சு கொண்ட மோட்டார் வேண்டும். குழாயின் உள்ளே மரை இருக்க வேண்டும். மரை இல்லாமல் பேரிங்கை அடித்து இறக்கிய வகை என்றால், இடையில் ஒரு அடாப்டர் தேவைப்படும்.

அந்தக் காலத்துப் பெரிய சைக்கிள், கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) காட்டர் பின் அடித்து நிறுத்தியிருப்பார்களே, அதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். கார்பன் சட்டகத்துக்கும் வேண்டாம்; மோட்டாரைப் பிடித்து நிறுத்துவதே நட்டின் நெருக்குதல்தான், கார்பன் அதைத் தாங்காமல் நசுங்கும். இரும்பு அல்லது அலுமினியச் சட்டகம், முன்பக்கம் ஓரளவு சஸ்பென்ஷன், முடிந்தால் டிஸ்க் பிரேக். இப்படி ஒரு மலைச் சைக்கிள் இருந்தால் அதுவே உத்தமம். பிரேக் மட்டும் கண்டிப்பாக நல்ல நிலையில் இருக்க வேண்டும். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஆறேழு கிலோ கூடப் போகிறது.

இன்னும் ஒரு இடத்தைப் பலரும் பார்ப்பதில்லை. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பி.பி. குழாயின் அடிவயிற்றைப் பாருங்கள். பல சைக்கிள்களில் கியர் கேபிள் ஒரு பிளாஸ்டிக் தகட்டின் வழியாக அங்கேதான் ஓடுகிறது. மோட்டார் உட்காருவதும் அதே இடம்தான். கேபிள் நசுங்கினால் கியர் விழாது. தகட்டைக் கழற்றிவிட்டு, கேபிளை முழு நீளத்துக்கும் உறைக்குள் விட்டு, சட்டகத்தின் பக்கவாட்டில் கொண்டுபோய் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். பத்து ரூபாய் சமாச்சாரம்தான், ஆனால் நடுவேலையில் தெரியவந்தால் அன்றைய நாள் போச்சு.

கருவிகள்: அலன் கீ செட், கிராங்க் கழற்றும் புல்லர், பி.பி. கப் (குழாயின் இரு முனையிலும் மரையில் ஏறி அச்சைப் பிடித்திருப்பது) கழற்றும் பல் சாக்கெட், மோட்டாரின் 33 மி.மீ. மரை நட்டுக்கான பிரத்யேகப் பானா, கிரீஸ், டை, மல்டிமீட்டர். அந்தப் பானா மோட்டாரோடு வராவிட்டால் தனியாக வாங்கிவிடுங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நட்டின் பல் மழுங்கிய பிறகு இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

பழையதைக் கழற்றுதல்

பெடல்களைக் கழற்றுங்கள். வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர் மரை. கிராங்க் போல்ட்டை எடுத்துவிட்டு, புல்லரைக் கிராங்கின் மரையில் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். இரண்டு சுற்று ஏறியதுமே முறுக்கத் தொடங்கினால் கிராங்கின் மரை உரிந்து வந்துவிடும். முழுக்க ஏறியபின் புல்லரின் நடுத்தண்டைத் திருகினால், கிராங்க் ‘டொக்’ என்று கழன்று வரும். செயினைப் பல் மாற்றித் தள்ளும் டீரெய்லர் முன்பக்கம் இருந்தால் அதற்கும் விடை கொடுத்துவிடுங்கள். முன்னால் இனி ஒரே ஒரு பல்சக்கரம்தான்.

அடுத்து பி.பி. கப்கள். இங்கேதான் நான் அரைமணி நேரம் வியர்வை சிந்தினேன். வலப்பக்கக் கப் வரவேயில்லை. பானாவில் குழாயை மாட்டி நீளமாக்கி, அதன்மேல் ஏறி நின்றும் பார்த்தேன். கடைசியில் வண்டியைத் தெருமுனைச் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் ஒரு பார்வைதான் பார்த்தார். “தம்பி, செயின் பக்கம் எதிர் மரை. நீங்க அரைமணி நேரமா டைட் பண்ணிட்டு இருந்திருக்கீங்க.” நம்மூரில் கிடைக்கும் சாதாரண மரை வகைகளில் வலப்பக்கக் கப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இடப்பக்கம் வழக்கம்போல. துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து வைத்துவிடுங்கள்.

கப்கள் வெளியே வந்ததும் குழாயின் உள்ளே துணி விட்டு மண்ணையும் பழைய கிரீஸையும் துடைத்து, புதிதாக மெல்லப் பூசுங்கள். இது துருவுக்காக. மோட்டார் இந்த மரையில் ஏறப்போவதில்லை, குழாய்க்குள் நுழைந்து நிற்கப் போகிறது, அவ்வளவே.

மோட்டாரை ஏற்றுதல்

மோட்டாரின் அச்சை வலப்பக்கத்திலிருந்து குழாய்க்குள் செலுத்துங்கள். இடப்பக்கம் மரையோடு தலை நீட்டும். வலப்பக்கத்தில் மோட்டாரின் பல்பெட்டி சற்றுப் புடைத்துக்கொண்டிருக்கும். அது பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயில் இடிக்கிறதா என்று பாருங்கள். லேசாக இடித்தால் ஒன்றிரண்டு மி.மீ. வாஷர் கொடுத்து வெளியே தள்ளலாம். ஆனால் தள்ளத் தள்ள இடப்பக்கத்தில் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது மோட்டாரின் உருண்டையான உடம்பு முன்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். மேலே தூக்கி, சட்டகத்தின் சாய்வுக் குழாயைத் தொடும்படி வையுங்கள். நடுவில் பழைய டியூப் ரப்பரை ஒரு துண்டு வெட்டி மடித்து வைத்துக்கொள்ளலாம். மோட்டார் செயினை முன்னோக்கிச் சுற்றும்போது, அதன் எதிர்விசை மோட்டார் உடம்பை மேல்நோக்கித் திருப்பப் பார்க்கும். ஏற்கெனவே குழாயில் சாய்ந்திருந்தால் அந்த விசையைச் சட்டகமே வாங்கிக்கொள்ளும். ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால், ஒவ்வொரு முறை மோட்டார் உதைக்கும்போதும் நட்டின் பிடி ஒன்றே அதைத் தாங்க வேண்டும். எவ்வளவு நாள் தாங்கும்?

இடப்பக்கம் முதலில் பல் வைத்த பிடிப்புத் தகடு. பல் இருக்கும் பக்கம் குழாயைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தப் பல் கடித்துப் பிடிப்பதற்காகத்தான் அது இருக்கிறது. தகட்டின் இரண்டு சிறிய அலன் போல்ட்டுகளை மோட்டாரின் துளைகளில் தளர்வாக மாட்டி வையுங்கள். பிறகு 33 மி.மீ. மரை நட்டு, 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன்: 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையை வைத்தால் என்ன அழுத்தமோ அது. நட்டு இறுகியபின் இரண்டு சிறு போல்ட்டுகளையும் இறுக்கி, அதன்மேல் மெல்லிய இரண்டாவது நட்டை ஏற்றிப் பூட்டுங்கள்.

முடிந்ததும் பெயிண்டால் நட்டின்மேலும் தகட்டின்மேலும் சேர்த்து ஒரே கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். முதல் 30 கி.மீ. ஓட்டியதும் ஒருமுறை, 100 கி.மீ.யில் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் இந்தக் கோடு போடாமல்தான் ஓட்டினேன். மேட்டில் மிதிக்கும்போதெல்லாம் ‘டக், டக்’ என்று சத்தம். பேரிங் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை.

பல்சக்கரம், கிராங்க், செயின்

முன் பல்சக்கரம் ஐந்து சிறு போல்ட்டுகளில் மோட்டாரோடு சேரும். கூடவே வருவது பெரும்பாலும் 44 அல்லது 46 பல். மலைப்பக்கம் ஓட்டுபவர்களுக்கு இது பெரிது. 42 பல்லில், உள்பக்கம் குழிந்து வரும் வகை தனியாகக் கிடைக்கிறது. குழிந்தது ஏன் என்றால், இந்த மோட்டாரில் பல்சக்கரம் பழைய இடத்தைவிட வெளியே தள்ளி நிற்கும். பின்னால் மிகப் பெரிய பல்லில் செயினைப் போட்டால் அது கோணலாக ஓடும். கறகறவென்று சத்தம் வரும், அடிக்கடி கழன்று விழும். உங்கள் வண்டியில் கோணல் அதிகமாகத் தெரிந்தால் அந்தக் கடைசிப் பல்லைத் தொடாமல் ஓட்டுங்கள், அல்லது குழிந்த பல்சக்கரம் வாங்குங்கள்.

செயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். முன் பல்சக்கரம் பழையதைவிடப் பெரிதாக இருந்தால், பின்னால் பெரிய பல்லுக்குப் போகும்போது பழைய செயின் எட்டாமல் டீரெய்லரையே பிய்த்துக்கொண்டு போகும். புதுச் செயினே போட்டுவிடுவது நல்லது.

கிராங்குகளை எதிரெதிர்த் திசையில் மாட்டி, போல்ட்டை நன்றாக இறுக்குங்கள். அச்சின் முனை சதுரம். கிராங்க் தளர்ந்த நிலையிலேயே சில நாள் ஓட்டினால், கிராங்கின் சதுரத் துளை வட்டமாகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கை மாற்றுவதுதான் வழி.

ஒயர்கள்

மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மோட்டாரின் உடம்புக்குள்ளேயே இருப்பதால் ஒயர் வேலை கொஞ்சம்தான். மோட்டாரிலிருந்து மேலே போகும் ஒரே கேபிள் ஹேண்டில் பார் அருகே கிளை பிரியும்: காட்சிப் பெட்டிக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று, இரண்டு பிரேக்குக்கும் ஒவ்வொன்று. கனெக்டர்கள் வட்டமாக இருக்கும். இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும். அம்பும் அம்பும் நேராக வரும்படி வைத்து, திருகாமல் நேரே அழுத்துங்கள். திருகினால் உள்ளே இருக்கும் மயிரிழை போன்ற பின்கள் வளைந்துவிடும். ஒரு பின் வளைந்தால் போதும், நாள் முழுக்கத் தேட வைக்கும்.

பிரேக் சென்சாரை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பிரேக் பிடித்த உடனே மோட்டாரை நிறுத்துவது அதுதான். மிதிப்பதை நிறுத்தினாலும் மோட்டார் ஒரு கணம் கழித்துத்தான் அடங்கும். கூட்டமான தெருவில் அந்த ஒரு கணம் பெரிது. உங்களுடையது ஹைட்ராலிக் பிரேக் என்றால் லிவரை மாற்ற வேண்டியதில்லை, காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் சென்சார் கிடைக்கிறது.

வேகச் சென்சார் பின்சக்கரத்தின் அருகே, கீழ்க்குழாயில். அதற்கு நேராக ஆரக்கம்பியில் ஒரு காந்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில் கனத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். சக்கரம் சுற்றும்போது காந்தம் சென்சாரில் இருக்கும் குறிக்கு நேராகக் கடக்க வேண்டும்.

நம்மூர் மழைக்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். எந்தக் கனெக்டரும் வானத்தைப் பார்த்து நிற்கக்கூடாது. கனெக்டருக்குச் சற்று முன்னால் ஒயரைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டினால், ஒயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பேட்டரி, கடைசியில்

36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே பத்து வரிசை செல்கள். முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் என்றால் 13 வரிசை, 54.6 வோல்ட். சார்ஜரும் அதற்கு ஏற்றபடியே இருக்க வேண்டும்; வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் சார்ஜர் மாறிவிடாமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் பாட்டில் மாட்டும் இரண்டு துளைகளில் பேட்டரியின் தட்டைப் பொருத்தலாம். அந்த இரண்டு போல்ட் மட்டும் போதாது என்று தோன்றினால் நடுவில் ஒரு பட்டை போட்டு இறுக்குங்கள், மேடுபள்ளத்தில் ஆடக்கூடாது.

இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியில் எது பிளஸ், எது மைனஸ் என்று அளந்து பாருங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பிளக்கை வேறொருவர் சாலிடர் செய்து கொடுத்திருந்தால் இன்னும் கவனம். மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும். இந்த வேலை முழுவதிலும் திருப்பி எடுக்க முடியாத தவறு என்றால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். சரியாக இணைக்கும்போதும் பிளக்கில் ஒரு சின்னப் பொறி வரலாம். அது கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்புவது, பயம் வேண்டாம்.

பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு ஆம்பியர் ஹவர் இருக்கும்படி வாங்குவது? நான் போடும் கணக்கு இது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 395 வாட் ஹவர் வேண்டும். 36 வோல்ட், 14 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 504 வாட் ஹவர். மோட்டாரிலும் செயினிலும் வீணாவது போக முக்கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்தாலும் 378-தான் கிடைக்கும். ஆகவே கால் மிதிக்காமல் கோத்தகிரி இல்லை. மிதிப்பவருக்கு அதே பேட்டரி தாராளம். சமவெளியில் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 வாட் ஹவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நின்ற பேட்டரியை, அல்லது மேடேறிச் சூடான பேட்டரியை, உடனே சார்ஜில் போடாதீர்கள். ஆறட்டும். எல்லோரும் தூங்கும் நேரத்தில், வாசல் கதவை ஒட்டி வைத்தும் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே போகும் வழி அதுதான்.

முதல் ஓட்டம்

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, காட்சிப் பெட்டியில் சக்கர அளவைச் சரியாகக் கொடுங்கள். தவறான அளவு கொடுத்தால் வேகமும் தவறாகக் காட்டும், 25 கி.மீ. வரம்பும் தவறிப்போகும். மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று சொல்லும் உதவி நிலையை 1-இல் வைத்துக் கையால் பெடலைச் சுற்றுங்கள். மோட்டார் பிடித்துக்கொண்டதும் பிரேக் லிவரைத் தொடுங்கள், நிற்க வேண்டும். இரண்டு பிரேக்கிலும் தனித்தனியாக. இது தேறாமல் தெருவுக்குப் போகாதீர்கள்.

ஓட்டும்போது பழக வேண்டியது ஒன்றுதான்: மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவது. கால்கள் சற்று வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் மோட்டாருக்கு அதுவே சுகம். கியர் மாற்றும் நொடியில் மிதியைத் தளர்த்துங்கள், பிரேக் லிவரை லேசாகத் தொட்டால் மோட்டாரும் தளரும். இழுத்துக்கொண்டிருக்கும் மோட்டாரோடு கியர் மாற்றினால், செயின் பல்லின்மேல் ‘படார்’ என்று விழும். கேபிளில் மாட்டும் கியர் சென்சார் இந்தத் தளர்த்தலைத் தானே செய்துவிடும்; கியர் அடிக்கடி மாற்றுபவர்கள் அதை வாங்கலாம்.

கோளாறு வந்தால்

ஒன்றுமே எரியவில்லையா? பேட்டரியின் வாயிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் பேட்டரியின் சுவிட்ச், பியூஸ், இல்லையென்றால் பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கலாம். சார்ஜரை ஒருமுறை செருகினால் சில நேரம் விழித்துக்கொள்ளும். பேட்டரியில் வோல்ட் சரியாக இருந்தும் காட்சிப் பெட்டி இருட்டாக இருந்தால், கனெக்டர்களைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள்.

பெட்டி எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் பிரேக் சென்சார். லிவர் முழுக்கத் திரும்பாமல் நின்றால், நீங்கள் பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டு பிரேக் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் மோட்டார் ஓடுகிறதோ அதுதான் ஆசாமி. உதவி நிலை 0-வில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நடக்கும்.

பெட்டியில் எண் காட்டினால் வேலை இன்னும் சுலபம். 21 என்றால் வேகச் சென்சார். காந்தம் நகர்ந்திருக்கும், விழுந்திருக்கும், இல்லையென்றால் சேறு அப்பியிருக்கும். 30 என்றால் பெட்டிக்கும் கன்ட்ரோலருக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது; ஹேண்டிலிலிருந்து மோட்டார் வரை எல்லாக் கனெக்டரையும் கழற்றி, காயவைத்து, அம்பு பார்த்து மறுபடி அழுத்துங்கள். மழைக்கு மறுநாள் வரும் 30 பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். 10 என்றால் மோட்டார் சூடு. நிழலில் நிறுத்தி, நீங்களும் ஒரு டீ குடியுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். அடுத்த முறை கியரைக் குறைத்து ஏறுங்கள். 08 என்றால் மோட்டார் சுற்றும் நிலையை உள்ளிருந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார். கனெக்டர்கள் சரியாக இருந்தும் இது திரும்பத் திரும்ப வந்தால் மோட்டாரைத் திறந்தாக வேண்டும். அது முதல் வருடத்து வேலை அல்ல, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சமவெளியில் நன்றாக ஓடி, மேட்டில் மட்டும் பட்டென்று அணைந்துபோவது தனி ரகம். ஆட்கள் மோட்டாரைத் திட்டுவார்கள், தவறு பேட்டரியில் இருக்கும். செல்கள் கிழடாகிவிட்டால், சும்மா இருக்கும்போது 37 வோல்ட் காட்டுவது, மோட்டார் 15 ஆம்பியர் இழுத்ததும் சரிந்து அணைப்பு அளவுக்கே போய்விடும். பாரம் நீங்கியதும் மறுபடி ஏறிக்கொள்ளும். வீட்டில் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அதனால்தான் இது ஏமாற்றும். மேடேறும்போது காட்சிப் பெட்டியில் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே போங்கள். கூடவே பேட்டரிப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். பிளக் சுட்டால் சாலிடர் சரியில்லை அல்லது பின் தளர்ந்திருக்கிறது, பேட்டரிமேல் பழி போட வேண்டாம்.

மோட்டார் ‘உய்ங்’ என்று சுற்றும் சத்தம் கேட்கிறது, வண்டி நகரவில்லை. காலால் மிதித்தால் மட்டும் போகிறது. இது உள்ளே ஒருவழிக் கிளட்ச் வழுக்குவது, அல்லது நைலான் பல்சக்கரம் பல் இழந்தது. நைலான் சக்கரத்தைச் சத்தம் குறைவதற்காக வைத்திருக்கிறார்கள், உதிரியாகவும் கிடைக்கும். வலப்பக்க மூடியைத் திறந்து மாற்ற வேண்டும், உள்ளே கிரீஸும் புதிதாக வைக்க வேண்டும். காலால் மிதித்தாலும் வழுக்கினால் மோட்டாரை விட்டுவிட்டுச் செயினையும் பின் பல்லையும் ஃப்ரீவீலையும் பாருங்கள்.

சத்தங்களுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் பெயிண்ட் கோடு. அது விலகவில்லையா, கிராங்க் போல்ட். அதுவும் சரியா, பல்சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள். அப்புறம் பெடல், சீட் கம்பி. சீட் கம்பியில் வரும் ‘கிரீச்’ பெடலிலிருந்து வருவதுபோலவே கேட்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் சீட்தான்.

வண்டியைக் கழுவும்போது வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டுவிடாதீர்கள். அந்த பிரஷர் தண்ணீர் அச்சு வழியாக உள்ளே போய்விடும். ஈரத் துணி, பழைய டூத் பிரஷ், செயினுக்கு எண்ணெய். துடைத்து முடித்ததும் குனிந்து இடப்பக்கத்தில் அந்தப் பெயிண்ட் கோட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை உள்ளே வையுங்கள்.